சர்வர் மெய்நிகராக்கம்: திறமூலத் தளத்தைத் தேர்ந்தெடுக்க எங்கிருந்து தொடங்குவது?

ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருளில் பெரிய பெயரான விஎம்வேரை, 2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் நிறுவனம் வாங்கி முடித்தது. விலை சுமார் 6,900 கோடி டாலர். ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸின் விற்பனை அடுத்த மாதமே நின்றது. இனி எல்லாம் சந்தாதான் என்றார்கள். கணக்கு கோர் அடிப்படையில், அதுவும் ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். எட்டு கோர் சிபியு வைத்திருப்பவரும் பதினாறுக்குத்தான் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில், விஎம்வேரின் ஹைப்பர்வைசரான (விஎம்களை ஓட்டும் அடித்தள மென்பொருள்) இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பும் போனது. 2025 ஏப்ரலில் அது சத்தமில்லாமல் திரும்பி வந்தபோது, பலர் ஏற்கெனவே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அப்படிக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது ஓர் ஒப்பீட்டு அட்டவணையை. மேலே பிராக்ஸ்மாக்ஸ், எக்ஸ்சிபி-என்ஜி, ஓவிர்ட் என்று திறமூலத் தளங்களின் பெயர்கள். இடப்பக்கம் வசதிகளின் பட்டியல். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு மாற்ற முடியுமா? எல்லாவற்றிலும் டிக். ஒரு சர்வர் விழுந்தால் அதிலிருந்த விஎம்கள் இன்னொன்றில் தானாக எழுமா? டிக். ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது? டிக். அட்டவணையை மூடும்போது ஒன்றும் தெளிந்திருக்காது. ஒவ்வொரு டிக்குக்குப் பின்னாலும் 'எந்த ஸ்டோரேஜில்' என்ற நிபந்தனை ஒளிந்திருப்பதுதான் காரணம். அதைப் பிரித்துப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும் என்பது என் கருத்து. மீதிப் பாதியை, அந்தத் தளம் யார் கையில் இருக்கிறது, உங்கள் பக்கம் அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பவை தீர்மானிக்கும். ஹைப்பர்வைசரின் வேகம் இந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

அந்த வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது எப்படி என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஹைப்பர்வைசர் போட்டி முடிந்த கதை

எக்ஸ்86 சிப்புகள் மெய்நிகராக்கத்தை மனதில் வைத்து உருவானவை அல்ல. ஒரு கணினியை ஒழுங்காக மெய்நிகராக்க என்ன வேண்டும் என்று ஜெரால்டு போப்பெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் 1974-இல் நிபந்தனைகள் வகுத்தார்கள். பழைய எக்ஸ்86 அதில் தேறாது. அதன் சில கட்டளைகள், அனுமதி இல்லாத இடத்தில் ஓடினாலும் பிழை எழுப்பாமல் வேறொரு விடையைத் தந்துவிட்டுப் போய்விடும். நடுவில் புகுந்து பிடிக்க ஹைப்பர்வைசருக்கு வாய்ப்பே கிடைக்காது. விஎம்வேர் அந்தக் கட்டளைகளை ஓட்டத்திலேயே மாற்றி எழுதிச் சமாளித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் பிறந்த ஸென் வேறு வழி பிடித்தது: உள்ளே ஓடும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலையே திருத்தி, தான் விஎம்மில் இருப்பதை அதற்குத் தெரியப்படுத்திவிட்டது. 2003-இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 2006-இல் அமேசானின் இசி2 சேவை தொடங்கியது ஸென்னின் மேல்தான்.

2005 இறுதியில் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் சிப்பிலேயே இதற்கான ஆதரவைச் சேர்த்ததும் ஆட்டம் மாறியது. கும்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தில் அவி கிவிட்டி எழுதிய கேவிஎம், லினக்ஸ் கர்னலையே ஹைப்பர்வைசராக்கும் ஒரு சிறு மாட்யூல். அதில் விஎம் என்பது லினக்ஸுக்கு இன்னொரு ப்ராசஸ், அவ்வளவுதான். சிபியு நேரத்தைப் பங்கிடுவது, நினைவகத்தை நிர்வகிப்பது, டிரைவர்கள் எல்லாம் லினக்ஸில் ஏற்கெனவே இருந்தவை. 2006 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 கர்னலில் சேர்ந்தே விட்டது. மறுவருடம் ரெட் ஹேட் கும்ரானெட்டை 10.7 கோடி டாலருக்கு வாங்கியது. 2017-இல் அமேசானே தன் நைட்ரோ அமைப்பில் கேவிஎம் அடிப்படையிலான ஹைப்பர்வைசருக்கு மாறத் தொடங்கியது.

இன்று பிராக்ஸ்மாக்ஸ், ஓவிர்ட், கியூப்விர்ட், ஹார்வெஸ்டர், இன்கஸ் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேவிஎம். அதன் மேல், விஎம்முக்கு வேண்டிய சாதனங்களை மென்பொருளிலேயே காட்டும் க்யூஎமு; ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் தொடங்கியது. வட்டுக்கும் நெட்வொர்க்குக்கும், விஎம்களுக்கென்றே எழுதப்பட்ட அதே விர்டையோ டிரைவர்கள். ஒரு விஎம் ஒன்றில் வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் ஓடினால், யாரோ ஓர் அமைப்பை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸென் பக்கம் இன்று முக்கியமாக நிற்பது எக்ஸ்சிபி-என்ஜி. ஸென்னில் சிறியதொரு ஹைப்பர்வைசர் முதலில் எழும். பிறகு டாம்0 என்ற சலுகை பெற்ற விஎம் எழுந்து மற்றவற்றை நிர்வகிக்கும். இந்தப் பிரிப்பு கறாரானது. பாதுகாப்பையே குறியாகக் கொண்ட க்யூப்ஸ் ஓஎஸ் ஸென்னின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு கோப்பு சர்வர், ஒரு டேட்டாபேஸ், பத்து இருபது விண்டோஸ் விஎம்கள் என்று ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் முடிவை மாற்றாது.

உங்கள் வட்டுகள் எங்கே இருக்கின்றன?

விஎம்வேரில் பழகியவர்களிடம் பெரும்பாலும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி இருக்கும். ஐஸ்கசி, ஃபைபர் சேனல் என்ற ஸ்டோரேஜ் இணைப்புகளில் ஏதாவது ஒன்றின் வழியாக, எல்லா சர்வர்களுக்கும் அது ஒரே லன்னை, அதாவது ஒரு பொது வட்டுப் பகுதியை, காட்டும். அதன் மேல் விஎம்எஃப்எஸ். பல சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதினாலும் குழம்பாத ஃபைல் சிஸ்டம் அது. விஎம்வேரின் அசல் சொத்து இதுதான் என்று சொல்வேன். வெளியே வந்த பிறகுதான் அதன் அருமை தெரிகிறது. லினக்ஸிலும் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்றவை உண்டு. ஆனால் மேற்சொன்ன தளங்கள் எதுவும் அவற்றைத் தன் இயல்பான வழியாக வைத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு சுற்றுவழி பிடித்தார்கள்.

பிராக்ஸ்மாக்ஸ் அந்த லன்னை எல்விஎம்மாக (வட்டைப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி) எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விஎம் வட்டுக்கும் ஒரு லாஜிக்கல் வால்யூம் வெட்டித் தரும். எளிமையானது, வேகமானது. ஆனால் 500 ஜிபி வட்டு கேட்டால் 500 ஜிபியும் அந்த நிமிடமே போய்விடும். ஸ்னாப்ஷாட்டும் நெடுங்காலம் கிடையாது. 2025 ஆகஸ்டில் வந்த 9.0 பதிப்பில் இந்த அமைப்பிலும் ஸ்னாப்ஷாட் எடுக்க வழி செய்தார்கள், ஆனால் முன்னோட்ட வசதி என்ற முத்திரையோடு. எக்ஸ்சிபி-என்ஜியும் எல்விஎம்மைத்தான் பயன்படுத்துகிறது. அது வால்யூமுக்குள் விஹெச்டி என்ற மெய்நிகர் வட்டு வடிவத்தை வைப்பதால் ஸ்னாப்ஷாட் முதலிலிருந்தே உண்டு. இதற்கும் விலை இருக்கிறது. மூல வட்டு முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஸ்னாப்ஷாட்டை அழித்தால் பின்னணியில் ஸ்னாப்ஷாட் சங்கிலியை ஒன்றுசேர்க்கும் வேலை நடக்கும். அதற்குக் காலி இடமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். விஹெச்டி வடிவத்தால் ஒரு வட்டு 2 டிபியைத் தாண்ட முடியாது என்ற வரம்பு வேறு. அதைத் தாண்ட, க்யூகவ்2 என்ற வேறொரு வட்டு வடிவத்துக்கான ஆதரவைக் கொண்டுவருகிறார்கள். ஆனால் 6 டிபியில் ஒற்றை வட்டு வைத்திருக்கும் கோப்பு சர்வர் உங்களிடம் இருந்தால், நீங்கள் நிறுவப்போகும் பதிப்பில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஓவிர்ட் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. லாஜிக்கல் வால்யூமுக்குள் க்யூகவ்2-வை வைத்து, நிரம்ப நிரம்ப வால்யூமை நீட்டிக்கொண்டே போகும். கேட்ட இடம் முழுவதையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டாம், ஸ்னாப்ஷாட்டும் உண்டு. தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால் பழைய பொது ஸ்டோரேஜ் (ஸான்) பெட்டிக்கு மூன்றில் இதுதான் முழுமையான விடை. அந்தப் புராஜெக்டின் கதை வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆக, 'ஸ்னாப்ஷாட்' என்ற ஒரே கட்டத்தில் மூன்று டிக்குகள். மூன்றுக்கும் மூன்று அர்த்தம். அதே பெட்டி, நெட்வொர்க் வழியாகக் கோப்புகளாகவே பகிரும் என்எஃப்எஸ்ஸும் தரும் என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் கரைந்துவிடும். வட்டுகள் சாதாரணக் கோப்புகளாக உட்கார்ந்துகொள்ளும். ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், இடமும் தேவைக்கேற்பவே செலவாகும். பல ஸ்டோரேஜ் பெட்டிகள் இரண்டு விதமாகவும் பேசும் திறன் உள்ளவை. தளத்தை மாற்றும் முன் பெட்டியின் கையேட்டை ஒருமுறை புரட்டுவது நல்லது.

பொதுப் பெட்டி இல்லை, ஒவ்வொரு சர்வரிலும் அதனதன் வட்டுகள்தான் என்றால், வட்டுகளையும் தானே நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் இயல்பான தேர்வு. பிராக்ஸ்மாக்ஸ் இதை நிறுவும்போதே கொடுத்துவிடுகிறது. இசட்எஃப்எஸ்ஸுக்கு வட்டுகள் நேரடியாகத் தெரிய வேண்டும். பழைய சர்வர்களில், பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ஒரு ரெய்டு கார்டு நடுவே இருக்கும். அதை வெறும் கடத்தியாக மாற்ற முடியாவிட்டால் கார்டையே மாற்ற வேண்டிவரும். இரண்டு சர்வர்களுக்கு இடையே பிரதியெடுப்பு இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். 1 நிமிடம் வரை குறைக்கலாம். ஒரு சர்வர் செத்தால் கடைசிப் பிரதிக்குப் பிறகு எழுதப்பட்டது போச்சு. ஆவணங்கள் வைக்கும் விஎம்முக்கு இது பரவாயில்லை. பணப் பரிவர்த்தனை பதிவாகும் டேட்டாபேஸுக்கு ஆகாது. அங்கே டேட்டாபேஸின் சொந்தப் பிரதியெடுப்பையே நம்ப வேண்டும்.

மூன்றாவது வழி செஃப். எல்லா சர்வர்களின் வட்டுகளையும் சேர்த்து ஒரே பொதுக் குளமாக்கும். பார்க்க அழகான ஏற்பாடு. கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்குபவர்கள்தான் அதிகம். மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 4 டிபி எஸ்எஸ்டி நான்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 டிபி. ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதிகள் என்பது வழக்கமான அமைப்பு, எனவே பயன்படுவது 16 டிபி. ஒரு வட்டு 85 சதவீதம் நிரம்பினாலே செஃப் எச்சரிக்கத் தொடங்கும் என்பதால், நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 13.6 டிபி. இனி ஒரு சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்துங்கள். பிரதிகள் இரண்டாகக் குறையும், வேலை ஓடும். சர்வருக்கு ஒரு பிரதி என்ற விதியால், மூன்றாவது பிரதியை வைக்க நான்காவது சர்வர் இல்லை. அந்த நேரம் பார்த்து மீதி இரண்டில் ஏதோ ஒரு வட்டு பழுதானால், அதில் இருந்த தரவுக்கு ஒரே பிரதிதான் மிஞ்சும். குறைந்தது இரண்டு பிரதியாவது இருந்தால்தான் எழுதவிடுவேன் என்பது செஃப்பின் இயல்பான விதி. அந்தப் பகுதிகளைத் தொடும் விஎம்கள் அப்படியே நின்றுவிடும். தரவு அழியாது, ஆனால் தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கும். மூன்று சர்வர் செஃப்புக்குத் தொடக்கம் மட்டுமே. நான்கோ ஐந்தோ இருந்தால்தான் நிம்மதி. நெட்வொர்க்கும் 10 ஜிபிபிஎஸ்ஸுக்குக் குறையக் கூடாது. மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் வசதியுள்ள சர்வர் ரக எஸ்எஸ்டிகள் வேண்டும். மேசைக் கணினிக்கான எஸ்எஸ்டியைப் போட்டால், எழுதியது வட்டில் உறுதியாகும் வரை ஒவ்வொரு முறையும் காத்திருந்து செஃப் தவழும்.

யார் யார் இருக்கிறார்கள்

இத்தனைக்குப் பிறகு பெயர்களுக்கு வந்தால் பொருத்தம் பார்ப்பது சுலபம்.

பிராக்ஸ்மாக்ஸ் விஇ வியன்னாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் படைப்பு. முதல் பதிப்பு 2008-இல் வந்தது. அடியில் டெபியன். விஎம்களோடு எல்எக்ஸ்சி கன்டெய்னர்களையும் (தனிக் கர்னல் இல்லாமல் சர்வரின் கர்னலையே பகிர்ந்துகொள்பவை) ஒரே திரையில் நிர்வகிக்கலாம். இசட்எஃப்எஸ், செஃப் இரண்டும் உள்ளேயே வருகின்றன. நிர்வாகத்துக்கென்று தனி சர்வர் தேவையில்லை. க்ளஸ்டரில், அதாவது ஒன்றாக இணைத்த சர்வர் கூட்டத்தில், எந்த நோடின் (சர்வரின்) முகவரியைத் திறந்தாலும் முழுப் படமும் தெரியும். லைசென்ஸ், ஏஜிபிஎல்3 என்ற திறமூல லைசென்ஸ். காசு கட்டாதவருக்கும் எல்லா வசதியும் உண்டு. கட்டுபவருக்கு நன்கு சோதிக்கப்பட்ட தொகுப்புகளின் களஞ்சியமும், திட்டத்துக்கேற்ப உதவியும் கிடைக்கும். கட்டணம் சிபியு சாக்கெட் கணக்கில். கோர் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை இல்லை. கட்டாதவருக்கு ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் சந்தா இல்லை என்று ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும். அதை மறைக்கத் தந்திரம் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒரு க்ளிக் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே! கவனிக்க வேண்டியது வேறு: அந்த நிறுவனத்தின் நேரடி ஆதரவு ஆஸ்திரிய வேலை நேரத்தில்தான். நள்ளிரவிலும் ஆள் வேண்டும் என்றால் பார்ட்னர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். லினக்ஸ் தெரிந்த ஒருவராவது கையில் இருக்கும் சிறு, நடுத்தர அமைப்புகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

எக்ஸ்சிபி-என்ஜி விஎம்வேரின் பழக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது. சர்வரில் கை வைக்காத, சாதனம் போன்ற ஹைப்பர்வைசர் ஒரு பக்கம். எல்லாவற்றையும் நிர்வகிக்கும் ஸென் ஆர்க்கெஸ்ட்ரா மறுபக்கம். பேக்கப் வசதி ஸென் ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளேயே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. தயார் நிலையில் வேண்டுமானால் கட்டணம். மூல நிரலிலிருந்து நீங்களே கட்டிக்கொண்டால் இலவசம். இதன் 8.x வரிசையில் டாம்0 இன்னும் சென்ட்ஓஎஸ் 7-ஐ ஒட்டியது, பழைய கர்னலோடு. புத்தம் புதிய சர்வர் வாங்குபவர்கள் நெட்வொர்க் கார்டு ஆதரவை முன்னரே சரிபார்க்க வேண்டும்.

ஓவிர்ட், ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்வி என்ற மெய்நிகராக்கத் தயாரிப்புக்கு அடிப்படையாக இருந்தது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கியூபர்னெட்டிஸ் பக்கம் ரெட் ஹேட் திரும்பியதும் ஆர்ஹெச்வி 4.4-ஓடு நின்றது, 2024 ஆகஸ்டில் பராமரிப்புக் காலமும் முடிந்தது. ஓவிர்ட் சமூகப் புராஜெக்டாகத் தொடர்கிறது. ஆரக்கிளின் மெய்நிகராக்க மேலாளரும் அதன் மேல்தான் கட்டப்பட்டது. ஸ்டோரேஜ் கையாளும் விதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முக்கியப் புரவலர் விலகிய வீட்டுக்கு இன்று புதிதாகக் குடிபோகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே ஆரக்கிளோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் விதிவிலக்கு.

கியூப்விர்ட் விஎம்களைக் கியூபர்னெட்டிஸுக்குள் ஓட்டுகிறது, 1.0 பதிப்பு 2023-இல் வந்தது. அதன் மேல் கட்டப்பட்ட சூசேயின் ஹார்வெஸ்டர் தனித் தளமாகவே வருகிறது. கியூபர்னெட்டிஸ் ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு இது நியாயமான வழி. விஎம் ஓட்டுவதற்காக மட்டும் கியூபர்னெட்டிஸ் கற்றுக்கொள்வது தேவையில்லாத தலைவலி. ஓப்பன்ஸ்டாக்கும் கிளவுட்ஸ்டாக்கும் பல வாடிக்கையாளர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கானவை. அதிலும் ஓப்பன்ஸ்டாக்குக்குத் தனிக் குழுவே தேவைப்படும். ஒரே ஒரு சர்வர்தான் என்றால் இந்தப் பட்டியல் எதுவும் வேண்டாம்: ஒரு லினக்ஸ், விஎம்களை நிர்வகிக்க லிப்விர்ட், அதை உலாவியில் பார்க்கக் காக்பிட். முடிந்தது.

சாவி யாரிடம்?

திறமூலம் என்றால் விலை ஏறாது, வசதி பறிபோகாது என்று நினைப்பது பாதி உண்மைதான். ஸென்னின் மேல் கட்டிய ஸென்சர்வர் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் சிட்ரிக்ஸ் ஸென்சோர்ஸ் நிறுவனத்தை 50 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-இல் ஸென்சர்வரை முழுவதும் திறமூலமாக்கியது. 2017 இறுதியில் வந்த 7.3 பதிப்பில், இலவசப் பதிப்பிலிருந்து பல வசதிகளைப் பிடுங்கிக் கட்டணப் பதிப்புக்குள் போட்டது. நிரல் திறந்திருந்ததால் ஒலிவியே லம்பேர் 2018-இல் நிதி திரட்டி அதையே மறுபடி கட்டத் தொடங்கினார், அதுதான் எக்ஸ்சிபி-என்ஜி. இன்று அதன் பின்னால் பிரான்சின் வேட்ஸ் நிறுவனம் நிற்கிறது. புராஜெக்டும் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஸென் புராஜெக்டுக்குள் இருக்கிறது.

கன்டெய்னர்களையும் விஎம்களையும் நிர்வகிக்கும் எல்எக்ஸ்டியிலும் இதேதான் நடந்தது. 2023 ஜூலையில் உபுண்டுவின் நிறுவனமான கனோனிகல் அதைச் சமூகத்திடமிருந்து தன் வசம் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே இன்கஸ் என்ற கிளை பிறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் எல்எக்ஸ்டியின் லைசென்ஸும் ஏஜிபிஎல்லுக்கு மாறியது.

இந்தக் கதைகளில் பயனர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. யாரோ ஒருவர் நிரலை எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். ஆனால் அந்த யாரோ ஒருவர் வரும் வரை ஓர் இடைவெளி இருந்தது. எனவே ஒரு தளத்தைப் பார்க்கும்போது லைசென்ஸின் பெயரோடு சேர்த்து, நிரல் எழுதுபவர்களுக்குச் சம்பளம் தருவது யார், அவர்களுக்குப் பணம் எதிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். பிராக்ஸ்மாக்ஸுக்கும் வேட்ஸுக்கும் இதுவே பிரதான தொழில். ரெட் ஹேட்டுக்கு ஓவிர்ட் பலவற்றில் ஒன்றாக இருந்தது, கைவிடுவது சுலபமாகிவிட்டது.

இரண்டு நோடு என்னும் பொறி

சிறிய அமைப்புகள் பெரும்பாலும் இரண்டு சர்வர் வாங்கி 'ஒன்று போனால் இன்னொன்று' என்று நினைக்கின்றன. க்ளஸ்டருக்குப் பெரும்பான்மை வேண்டும். இரண்டில் ஒன்று விழுந்தால் மிஞ்சியதற்கு இரண்டில் ஒரு வாக்குதான். பாதி பெரும்பான்மை ஆகாது. பிராக்ஸ்மாக்ஸில் அந்த நேரத்தில் தானியங்கி மீட்பை அமைக்காமல் இருந்தால், ஓடிக்கொண்டிருந்த விஎம்கள் ஓடும். ஆனால் அமைப்புக் கோப்புகள் இருக்கும் பகுதி வாசிக்க மட்டும் என்று மாறிவிடும். விழுந்த சர்வரின் விஎம்மை இங்கே எழுப்பப் போனால், பெரும்பான்மை இல்லை என்று திருப்பி அனுப்பும். எதிர்பார்க்கும் வாக்கு 1 என்று கையால் மாற்றும் கட்டளை இருக்கிறது. மற்றொரு சர்வர் உண்மையில் செத்துவிட்டதா, நெட்வொர்க் கேபிள் மட்டும் கழன்றதா என்று தெரியாமல் அதை அடித்தால், பொது ஸ்டோரேஜில் ஒரே வட்டில் இரண்டு விஎம்கள் எழுதும். அந்த வட்டு அதோடு சரி.

தானியங்கி மீட்பை அமைத்திருந்தால் கதை இன்னும் கடுமை. பெரும்பான்மை இழந்த நோடு 60 விநாடி பார்த்துவிட்டுத் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். இரண்டு நோடுக்கு நடுவே கேபிள் கழன்றால் இரண்டும் பெரும்பான்மை இழக்கும். இரண்டும் ரீஸ்டார்ட் ஆகும். தீர்வு மலிவானது: மூன்றாவது வாக்குக்காக ஒரு சிறு கணினியில் க்யூடிவைஸ் வைப்பது. விஎம் எதையும் அது ஓட்டாது, வாக்கு மட்டும் போடும். அதை அந்த இரண்டு நோடுகளில் ஒன்றில் ஓடும் விஎம்மாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். வைத்து என்ன பயன்?

இன்னொன்று. நோடுகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் கோரோசிங்க் தாமதத்தைப் பொறுக்காது. 5 மில்லி விநாடிக்குள் பதில் வேண்டும். அதையும் இரவு பேக்கப்பையும் ஒரே கேபிளில் விட்டால், பேக்கப் கேபிளை நிரப்பும் நேரத்தில் பதில் தாமதமாகி, நல்ல நிலையில் உள்ள சர்வர்கள் ரீஸ்டார்ட் ஆகும். காரணம் தெரியாமல் வட்டையும் நினைவகத்தையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். கோரோசிங்குக்குத் தனி நெட்வொர்க் போர்ட் ஒன்று ஒதுக்கினால் போதும். 1 ஜிபிபிஎஸ்ஸே தாராளம்.

குடிபெயர்வில் காலைவாரும் இடங்கள்

இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்களை இழுத்துவரும் வசதியைப் பிராக்ஸ்மாக்ஸ் 2024-இல் தன் திரையிலேயே சேர்த்தது. ஸென் ஆர்க்கெஸ்ட்ராவிலும் உண்டு. வட்டை நகலெடுப்பது இவற்றின் வேலை. முதல் பூட் உங்கள் வேலை. விண்டோஸ் விஎம்மின் வட்டை நேராக விர்டையோவில் மாட்டினால், வட்டைப் படிக்க டிரைவர் இல்லாமல் 0x7பி என்ற எண்ணோடு நீலத்திரை வரும். முதலில் சாட்டா வட்டாக மாட்டுங்கள். கூடவே 1 ஜிபியில் ஒரு வெற்று விர்டையோ வட்டையும் சேர்த்து பூட் செய்து, உள்ளே விர்டையோ டிரைவர் தொகுப்பை நிறுவி, நிறுத்திவிட்டு, மூல வட்டை விர்டையோவுக்கு மாற்றுங்கள். அந்த வெற்று வட்டுக்கு இங்கே ஒரே வேலைதான்: பூட்டுக்குத் தேவையான டிரைவர் என்று விண்டோஸை உணரவைப்பது. கேவிஎம் பக்கம் போவதாக இருந்தால், விர்ட்-வி2வி என்ற கருவி இந்த டிரைவர் மாற்றத்தைத் தானே செய்துதரும்.

நெட்வொர்க் கார்டும் புதிதாகத் தெரியும். பழைய நிலையான ஐபி முகவரி இப்போது இல்லாத கார்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எனவே அதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் விஎம்களில் இஎன்எஸ்192 என்று இருந்த இடைமுகம் இஎன்எஸ்18 ஆகிவிடும், நெட்வொர்க் எழாது. கன்சோல் வழியாகப் போய் ஒரு வரி திருத்தினால் சரி. பழைய விஎம் பூட் ஆவது யுஇஎஃப்ஐயிலா பயாஸிலா என்பதைப் பார்த்து அதையே புதியதிலும் வைக்க வேண்டும். மெய்நிகர் டிபிஎம்மோடு (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சிப்) பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டைப் போட்ட விஎம் என்றால், டிபிஎம்மின் உள்ளடக்கம் கூட வராது. மீட்புச் சாவி கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது.

சிபியு வகையிலும் ஒரு பொறி. முழு வேகம் வேண்டுமென்று 'ஹோஸ்ட்' வகையைத் தேர்ந்தெடுத்தால், வேறு தலைமுறை சிபியு உள்ள நோடுக்கு ஓட்டத்திலேயே மாற்றும்போது விஎம் விழலாம். க்ளஸ்டரில் உள்ள மிகப் பழைய சிபியுவுக்கு ஏற்ற பொது வகையை வைப்பதே பாதுகாப்பு.

செலவுக் கணக்கில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் அடியில் உள்ள சர்வரின் கோர்களை எண்ணுகிறது. ஹைப்பர்வைசர் இலவசமானதால் அது குறையாது. சில பெரிய மென்பொருள்களின் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட தளங்களில் ஓடினால்தான் ஆதரவு தருவார்கள். அந்த ஒரு விஎம்முக்காகவே பழைய தளத்தில் ஒரு சர்வரை வைத்துக்கொள்ள நேரலாம். அதில் தவறில்லை.

பேக்கப்பைப் பொறுத்தவரை நிலைமை வெகுவாக மாறிவிட்டது. பிராக்ஸ்மாக்ஸின் சொந்த பேக்கப் சர்வர் 2020-இல் வந்தது. ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும். மாறிய பகுதிகளை மட்டும் படிக்கும் அதன் வேகம், விஎம்மை நிறுத்தித் தொடங்கினால் ஒருமுறை போய்விடும். அன்றைக்கு முழு வட்டையும் படிக்கும். ஆனால் மாறியதை மட்டுமே அனுப்பும். 2024 ஆகஸ்டில் வீம் என்ற பேக்கப் மென்பொருளும் பிராக்ஸ்மாக்ஸ் ஆதரவைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே வீம் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தடை ஒன்று அன்று நீங்கியது.

முடிவெடுக்கும் முன் உண்மையான இரண்டு மூன்று விஎம்களின் நகலை வைத்து ஓட்டிப் பாருங்கள். வேலை நேரத்துச் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நோடின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். பிராக்ஸ்மாக்ஸ் என்றால், அந்த விஎம்கள் வேறிடத்தில் எழச் சுமார் இரண்டு நிமிடம் ஆவது இயல்பு; யாரும் உள்ளே நுழைந்து கை வைக்காமல் எழுகின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது. அப்புறம் பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை மீட்டு, அதன் வட்டை க்யூகவ்2-வாக வெளியே எடுத்து, எந்தத் தளமும் இல்லாத வெறும் லினக்ஸ் கணினியில் க்யூஎமுவைக் கொண்டு பூட் செய்யுங்கள். லாகின் திரை வருகிறதா, அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறை தளம் மாற நேர்ந்தால் எவ்வளவு வேலை இருக்கும் என்பதற்கு அதுதான் உங்கள் முதல் கணக்கு.